கொடியில் கிடந்த மைக் ஒயர்

கண்ணு,

உன் கடிதம் உன் அப்பா பேருக்கு வந்தது. பதில் நான் எழுதுகிறேன். அவர் எழுதச் சொல்லவில்லை. புளி உலுக்குகிற ஆட்களோடு காலையிலேயே மேல்கொல்லைக்குப் போய்விட்டார், பொழுது சாய்ந்துதான் வருவார். அதற்குள் இதை முடித்து, போளூருக்கு இறங்குகிற பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிட வேண்டும். இங்கே தபால் பெட்டியில் போட்டால் எப்போது கிளம்பும் என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது. எனக்கு முட்டி வலி, இடுப்பு வலி, எழுதுகிற பழக்கம் விட்டுப்போனதால் இப்போது விரலும் வலி. இந்த வயதில் உட்கார்ந்து மகனுக்கு ஒயரைப் பற்றிக் கடிதம் எழுதுகிறேனே என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அலுப்பும் வருகிறது. அலுப்புதான் அதிகம். ஆனாலும் எழுதாமல் விட முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.

வேலூரில் மாடியறை பிடித்து, சுவரெல்லாம் சாக்கும் தேங்காய்நாரும் அடித்து, அதைப் பாட்டு ரெக்கார்டிங் செய்கிற இடமாக்கிவிட்டாய். ஆசைப்பட்ட மைக்கும் வந்துவிட்டது. அந்த மைக்குக்கு எந்த கேபிள் போடுவது என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறாய். கடைக்காரர் ஒன்று கொடுத்திருக்கிறார், மெட்ராஸிலிருந்து உன் கூட்டாளி ஒன்று வாங்கி வந்திருக்கிறார், கப்பலில் வேலை செய்கிற யாரோ கொண்டுவந்தது ஒன்று. ஆளுக்கொரு பேச்சு பேசுகிறார்கள். அதனால் வருகிற வெள்ளிக்கிழமை நைனா வர வேண்டும், அறைக்குள்ளே தனியாக உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எது சுத்தம் என்று சொல்ல வேண்டும், அவர் சொன்னதைத்தான் போடுவேன் என்று எழுதியிருக்கிறாய். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே எறும்பு ஊர்வதுகூடக் கேட்குமாம். உன் கூட்டாளிகள் எல்லோரும் சுவரில் பதித்த கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பார்ப்பார்களாம். எங்கள் நைனாவின் காது எப்படிப்பட்டது என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி வேறு. உன் கடிதங்களை அவருக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். அந்த வரியையும் படித்தேன், உரக்கவே படித்தேன்.

உன் அப்பாவுக்குக் காது கேட்பதில்லை, கண்ணு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஒரேயடியாகச் செவிடு இல்லை. எதிரே நின்று பேசினால் பதில் சொல்வார், கூப்பிட்டால் திரும்புவார். மெல்லிய சத்தம் எதுவும் அவருக்கு விழுவதில்லை, அவ்வளவுதான். ஆனால் உன் கேபிளுக்கு வேண்டியது அந்த மெல்லிய சத்தம்தானே. முதலில் எனக்கும் தெரியவில்லை. இங்கே பஸ் கீழே வளைவில் திரும்பும்போதே டிரைவர் ஹாரன் அடிப்பான், அதைக் கேட்டுத்தான் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போவோம். எல்லோருக்கும் முன்னால் அதைக் கேட்கிறவர் அவர்தான். நாம் இன்னும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது என்று எழுந்துவிடுவார். போன வருஷம் ஒரு நாள் பார்க்கிறேன், நான் எழுந்து பையை எடுத்த பிறகு அவர் எழுந்தார். அடுத்த தடவையும் அப்படித்தான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை பைக்குப் போனதும் பஸ் வருகிறது என்று எழுந்தார். அன்று வெறும் வெற்றிலைப் பாக்கு எடுக்கத்தான் பையைத் தொட்டேன். அவர் ரோட்டுக்குப் போய் நின்று வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். நான் அவருக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன்.

எப்படிக் கேட்கும், சொல். எத்தனை திருவிழா, எத்தனை கல்யாணம், குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அதற்கடியிலேயே பாய் போட்டுப் படுத்த மனிதர். போளூர் மைக் செட் கடையை மூடிவிட்டு நாங்கள் மலைக்கே திரும்பியது நல்லதென்று நினைத்தேன், அதுவே அவருக்கு மறைக்கத் தோதாகிவிட்டது. இங்கே இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் கூட்டிக் கேட்கிறாரே, அப்படி ஹெட்ஃபோனிலும் கூட்டி வைத்துக் கேட்கலாமே என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். கூட்டினால் அவருக்கு எல்லாமே இரைச்சலாகத்தான் விழுகிறது. பாட்டு எது, கரகரப்பு எது என்று பிரிக்க வரவில்லை. ஸ்டேஷன் சரியாக விழாமல் அது பாட்டுக்குக் கரகரத்துக்கொண்டிருக்கும், அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். பார்க்கப் பொறுக்காமல் நான் போய்த் திருப்பி வைத்துவிட்டு வருவேன்.

அந்த மனிதரைத்தான் நீ கண்ணாடி அறைக்குள் தனியாக உட்காரவைக்கப் போகிறாய், பத்துப் பேர் பார்க்க. அவர் ஏதாவது ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிடுவார். அது இரைகிற கேபிளாக இருந்தால் உன் கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவருக்குக் காது போயிருக்கலாம், முகம் படிக்கத் தெரியும். அதற்கப்புறம் அவர் மலையை விட்டு இறங்க மாட்டார். உன் மேல் தப்பில்லை. சின்ன வயதில் நீ வேண்டுமென்றே மைக் பின்னைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓடிப்போய் நின்றுகொள்வாய், அவர் தெருக்கோடியில் டீ குடித்துக்கொண்டே சத்தத்திலேயே அது தெரிந்து உன்னைத் திட்டுவார், நீ குதிப்பாய். அந்த அப்பாவைத்தான் நீ இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

கேபிளைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். ஆரம்பத்தில் நம்மிடம் இருந்தது கறுப்பு ஒயர், ரப்பர் தோல் போட்டது, விரல் தடிமன். ஒரு சுருள் தூக்கினால் தோள் இற்றுப்போகும். அந்த நாளில் மலைத் திருவிழா என்றால் பஸ் பாதி தூரம்தான், மிச்சம் நடை. சத்தம் கூட்டுகிற ஆம்ப், பேட்டரி, குழாய், அதற்கு மேல் அந்த ஒயர். அப்போது பஜாரில் சாம்பல் கலரில் ஒரு புது ஒயர் வந்திருந்தது. வழவழ என்று, இறகு மாதிரி இருந்தது. எல்லா மைக் செட்காரரும் வாங்கிவிட்டார்கள், நாம்தான் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று நானே அவரைக் குடைந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆளா? கொஞ்சம் வாங்கி வந்து, பரீட்சை பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் என்றார்.

எங்கே பரீட்சை பண்ணினார் என்று கேள். போளூரில் லாரி சத்தம், மாவு மில் சத்தம், இதற்கு நடுவில் ஒயரின் சத்தம் எங்கே தெரியும், மலைக்குப் போனால் ஈ பறந்தாலும் கேட்கும் என்று என் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். எனக்கும் அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. அண்ணன் வீட்டு வாசலில் பேட்டரியை வைத்து, ஆம்பைப் போட்டு, சாம்பல் ஒயரைச் சாமை வயல் வரைக்கும் நீட்டி, அந்தக் கோடியில் மைக்கை வைத்தார். ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். அப்புறம் கண்ணைத் திறந்து என்னிடம் சொன்னார்.

"கதிர்ல சிட்டுக்குருவி ஒக்கார்றது கேக்குது. ஒயர் இருக்கறதே தெரில."

எங்கள் இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. போளூருக்கு வந்து சாம்பல் ஒயரை ஒரு கட்டாக வாங்கினோம். பழைய கறுப்பு ஒயரை என்ன செய்வது என்று யோசித்தபோது, துணி காயப்போடக் கொடி வேண்டும் என்று அண்ணி கேட்டது நினைவுக்கு வந்தது. கொடுத்துவிட்டோம். தூக்கிச் சுமந்த பீடை ஒழிந்தது என்று அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தப்பு எங்கே என்று உனக்கு இப்போதே தெரிந்திருக்கும், நீ படித்தவன். எங்களுக்குத் தெரியவில்லை. மலையில் அப்போது கரண்ட் கிடையாது. ஒயருக்குள் புகுந்து உம் என்று இரைவது கரண்டுதானே, அதுவே இல்லாத ஊரில் எந்த ஒயரும் நல்ல ஒயர்தான். வெறும் சணல் கயிற்றைக் கட்டியிருந்தால்கூட அவ்வளவு அமைதியாகத்தான் இருந்திருக்கும். கீழே டியூப்லைட்டும் மோட்டாரும் உள்ள ஊரில் இருந்துகொண்டு, இரண்டுமே இல்லாத ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் கூத்து வாத்தியார் வந்தார். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், கர்ணன் வேஷம் கட்டுகிறவர், உனக்கு முறுக்கு வாங்கிக் கொடுப்பார். குரல் இருக்கும்போதே நாலு பாட்டை டேப்பில் பிடித்துவிடு என்று உன் அப்பாவைக் கேட்டார். அரிசி மில்லுக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்குகிற அறையை அன்றைக்கு மட்டும் கேட்டு வாங்கினார் உன் அப்பா. சுற்றி மூட்டை இருந்தால் எதிரொலி வராது, அது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். ரெக்கார்டரை வைத்து, மைக்கை நிறுத்தி, சாம்பல் ஒயரை மாட்டி, ஹெட்ஃபோனை வைத்தால் உம் என்று ஒரே இரைச்சல். மில்லை நிறுத்தச் சொன்னார். பக்கத்து மாவு மில்லை நிறுத்தச் சொல்ல முடியுமா? லைட்டை அணைத்தார். ரெக்கார்டரைத் திருப்பி வைத்தார், ஆம்பைத் திறந்து பார்த்தார், பின்னைக் கழற்றி என்னிடம் கொடுத்து மறுபடி ஈயம் உருக்கி சால்டர் வைக்கச் சொன்னார். வேர்த்து ஊற்றுகிறது. ஒயராக இருக்குமோ என்று நான் மெதுவாகக் கேட்டேன். அதை மலையிலேயே பார்த்தாகிவிட்டது என்று என்னை ஒரு முறை முறைத்தார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், தான் பரீட்சை பண்ணியதை மட்டும் சந்தேகப்படவில்லை.

வாத்தியார் மூட்டை மேல் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அவருக்கு ஊர் ஊராகக் கூத்து. வேறு வழியில்லாமல் அந்த இரைச்சலோடே பாடினார். பாடி முடித்து, டேப்பைப் போட்டுக் கேட்டுவிட்டு, உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னாத்துக்கு நைனா மொகத்த தொங்கப் போட்டுகினு? எனுக்கு சுருதிப் பெட்டி வெச்சாப்ல நல்லாத்தான் கீது."

அவர் திட்டியிருந்தால் உன் அப்பா மறந்திருப்பார். அந்த ஒரு பேச்சைத்தான் அவர் மறக்கவில்லை. கூத்து முடிந்து வாத்தியார் திரும்பி வந்தபோது அவருக்குக் குரல் கம்மிவிட்டது, மறுபடி ஏறவேயில்லை. அந்த டேப் இன்னும் அவர் பிள்ளைகளிடம் இருக்கிறது. போட்டால் முதலில் இரைச்சல்தான் வரும், அப்புறம்தான் அவர்.

அதற்கப்புறம் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு மலைக்குப் போயிருந்தோம். வாசலில் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நம் கறுப்பு ஒயர், அதன் மேல் அண்ணியின் ஈரப் புடவைகள். உன் அப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை வெயில், எத்தனை மழை, எத்தனை நாள் ஈரத் துணியின் பாரம், அது தொய்யவும் இல்லை, தோல் வெடிக்கவும் இல்லை. புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துத் திட்டில் வைத்துவிட்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அண்ணி ஓடிவந்தாள்.

"இன்னாண்ணா, குடுத்த கொடிய அவுக்குற? பொடவ காயற கொடியில பாட்டா வரப் போவுது?"

அவர் சந்தையில் நல்ல தாம்புக் கயிறாக வாங்கி அவளுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். போளூரில் வந்து இரண்டு ஒயரையும் பிளேடால் கீறிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அன்று பார்த்ததைத்தான் இப்போது உனக்குச் சொல்லப்போகிறேன். இதெல்லாம் அவருடைய கை எனக்குக் காட்டியது.

கேபிளை வாங்கியதும் காதுக்குக் கொண்டுபோகாதே, கையில் சுருட்டிப் பார். நல்லது சொன்னபடி கேட்கும். சுருட்டினால் சுருளும், தரையில் போட்டால் படுத்துக்கொள்ளும். மோசமானது பெட்டியில் மடித்து வைத்த மடிப்பை மறக்காது, நீட்டினாலும் முண்டு முண்டாக நிற்கும். நாலு மாதத்தில் அந்த முண்டில்தான் உள்ளே கம்பி விட்டுப்போகும். அப்புறம் ஒரு கோடியில் கொஞ்சம் தோலைக் கீறு, கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உள்ளே இரண்டு கம்பி இருக்க வேண்டும், ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு போக வேண்டும். சாம்பல் ஒயரில் ஒரே கம்பிதான். அந்த இரண்டுக்கும் மேலே செம்பு இழைகளால் பின்னல் இருக்க வேண்டும், ஜடை பின்னுகிற மாதிரி நெருக்கமாக. ஏதோ நாலு இழையைச் சும்மா சுற்றிவிட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. வளைத்துப் பார், வளைகிற இடத்தில் பின்னல் விலகி உள்ளே தெரிந்தால் அந்தச் சந்து வழியாகத்தான் இரைச்சல் நுழையும். இழையைப் பிளேடால் சுரண்டு. சுரண்டச் சுரண்டச் செம்பாகவே இருக்க வேண்டும், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வெறும் பூச்சு. கம்பியைச் சுற்றிப் பஞ்சு நூல் வைத்திருந்தால் செய்தவன் கொஞ்சம் மனசாட்சி உள்ளவன். அது இருந்தால் கேபிளை மிதித்தாலும் இழுத்தாலும் மைக்கில் கடகட என்று வராது.

சால்டர் வைக்கும்போது நான் பார்க்கிற ஒன்று உண்டு. சூடு பட்டதும் கம்பியின் மேலுறை சுருங்கிப் பின்னால் ஓடினால் அந்த ஒயரை நம்பாதே. பின்னுக்குள் இருக்கிற பிடி கேபிளின் தோலைப் பிடிக்க வேண்டும், கம்பியைப் பிடிக்கக் கூடாது. கம்பியைப் பிடித்தால் ஒவ்வொரு இழுப்பும் சால்டருக்குப் போகும். அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நீளம் போதும், இருக்கட்டும் என்று கூடுதலாக வாங்கி மூலையில் சுருட்டி வைக்காதே. கரண்ட் ஒயரோடு சேர்த்து ஓட விடாதே, குறுக்கே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் நேர் குறுக்காகத் தாண்டட்டும். பெரிய பேர் போட்டிருக்கிறது, கப்பலில் வந்தது என்பதையெல்லாம் காதில் வாங்காதே. கடைசியாக ஒன்று. மூன்றையும் பார்க்கும்போது அறையை அமைதியாக்கிவிட்டுப் பார்க்காதே. ஃபேனைப் போடு, எல்லா லைட்டையும் போடு, கேபிளைக் கரண்ட் ஒயர் பக்கத்தில் வேண்டுமென்றே கிடத்து. தொல்லை இருக்கிற இடத்தில் வைத்துத்தான் எதையும் பார்க்க வேண்டும். மலையில் வைத்துப் பார்த்து நாங்கள் பட்டது போதும்.

இதில் முக்கால்வாசி கையாலேயே தெரிந்துவிடும். உன் அப்பாவின் கைக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை எல்லாவற்றையும் சொல்லாது, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டில் ஒன்று இரையும், ஒன்று இரையாது. அது காது வைத்துத்தான் தெரிய வேண்டும். முதலில் நான் உனக்கு வேறு மாதிரி எழுதலாம் என்றிருந்தேன். நீயே முன்னாடியே பார்த்துக் கெட்டதை எடுத்துவிட்டு, நல்லதாக மூன்றை வைத்துவிடு, அவர் எதைக் காட்டினாலும் சரியாகப் போய்விடும் என்று. எழுதியும் விட்டேன், அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அவர் உன் அறைக்கு வருவது உனக்கு ஒரு வேலை செய்து கொடுக்க, விளையாட்டுக் காட்டப்படுவதற்கு அல்ல. நாம் எல்லோரும் சேர்ந்து அவரைக் குழந்தையாக்குவதைவிட அவர் ஒரு தப்புக் கேபிளைக் காட்டினாலே தேவலை.

வரச் சொல்லாதே, உடம்பு சரியில்லை என்று எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. அவருக்குத் தெரியாமல் ரேடியோவைத் திருப்பி வைத்து, அவருக்குத் தெரியாமல் ஆட்களிடம் சத்தமாகப் பேசச் சொல்லி, அவர் பார்க்கிற மாதிரி பையைத் தூக்கி, எவ்வளவு நாள்தான்? சில நாள் கோபம்கூட வருகிறது, வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துபோகிறது இந்த மனிதருக்கு என்று. அந்தக் கோபத்தோடுதான் நேற்றுக் காலையில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் எதிரே உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை நீயும் வா என்றார். எனக்கு அங்கே என்ன வேலை, வளைவெல்லாம் சுற்றி வந்தால் எனக்கு வாந்திதான் வரும் என்றேன். இன்னும் நாலு கொட்டை எடுத்துப் போட்டார். அப்புறம் கையிலிருந்த புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ பக்கத்துல ஒக்காந்துகினு கேளு. எறைச்சல் வந்தா எங் கைல ஒரு வெரல வெய்யி. எனுக்குத் தெரிஞ்சிடும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. "எப்போலேர்ந்துங்க ஒங்களுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும்னு?" என்று கேட்டேன். கேட்டது அவருக்கு விழுந்ததா என்று தெரியவில்லை, அல்லது விழுந்தும் விட்டுவிட்டாரா என்றும் தெரியவில்லை. எழுந்து போய், பரணிலிருந்து அந்தக் கறுப்பு ஒயரை இறக்கி, ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் அழுதேன். ரேடியோவை நான் திருப்பி வைப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் தலையை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு வருத்தம் வரக்கூடாது என்று அவர் ஒரு பக்கம் மறைக்க, அவருக்கு வருத்தம் வரக்கூடாது என்று நான் ஒரு பக்கம் மறைத்திருக்கிறேன்.

அந்தக் கறுப்பு ஒயரை உனக்காகத்தான் எடுத்துவருகிறார். இரண்டு கோடியிலும் ரப்பர் வெடித்துவிட்டது, உன் மைக்குக்கு அது ஆகாது. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. வாங்கி உன் அறையில் ஓர் ஆணியில் மாட்டி வை.

ஆக, நானும் வருகிறேன். அவர் என்னிடம் மட்டும் சொன்னதை உன்னிடம் சொல்லக்கூடாதுதான். ஆனால் அறைக்குள்ளே அவர் தனியாக உட்கார வேண்டும் என்று நீ எழுதிவிட்டாயே, நான் எப்படி உள்ளே வருவது? நீ இரண்டு ஹெட்ஃபோன் இருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய், பாடுகிறவருக்கு ஒன்று, உனக்கு ஒன்று. உன்னுடையதை அன்றைக்கு எனக்குக் கொடு. அம்மாவும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும், ஆசைப்படுகிறாள் என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொள். ஃபேனையும் லைட்டையும் போட மறந்துவிடாதே. உள்ளே இரண்டு நாற்காலி போடு, நெருக்கிப் போடு. கதவைச் சாத்திவிட்டு நீ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், அந்தக் காலத்தில் கேட்ட மாதிரியே இருக்கும். நீ அவர் முகத்தைப் பார். எங்கள் கைகளை மட்டும் பார்க்காதே.

அம்மா